அவர் உங்களை விசாரிக்கிறவர்

வாசகியின் கடிதம் (சுருக்கம்)

43 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை. பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். மேலாளராக இருந்த கணவருக்கு 14 மாதங்களுக்கு முன்பு வேலை போய்விட்டது. அதன்பின் இரண்டு வாய்ப்புகள் வந்தன. இரண்டும் பழைய பதவிக்குக் கீழே என்று மறுத்துவிட்டார். “கர்த்தர் இதைவிட மேலானதை வைத்திருக்கிறார்” என்கிறார். ‘அவர் குடும்பத்தின் தலை, நான் கேள்வி கேட்கக் கூடாது’ என்று இவர் மௌனமாக இருக்கிறார். சம்பளம் வந்த அன்றே தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்கென்று எடுத்து வைத்துவிட்டு, கடன் அட்டைக்குக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருகிறார். காணிக்கையைக் குறைத்தால் குடும்பத்தின் மேலிருக்கும் பாதுகாப்பு விலகிவிடும் என்ற பயம்.

ஐந்து மாதமாகத் தூக்கமில்லை. மருத்துவர் கொடுத்த மாத்திரையால் நாலு மணி நேரமாவது தூங்கினார். ஜெபக்குழுவில் இதைச் சொன்னபோது, குழுவை நடத்தும் சகோதரி சங்கீதம் 127:2-ஐ வாசித்துக் காட்டி, “‘அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்’ என்று வசனம் இருக்கும்போது மாத்திரை எதற்கு?” என்று கேட்டிருக்கிறார். அன்றிரவே மாத்திரைகள் குப்பைக்குப் போயின. பத்து நாளாகிறது.

அலுவலகத்தில் இன்னொரு நெருக்கடி. நிதியாண்டு முடிகிற நேரம். அடுத்த ஆண்டில் போய்ச்சேர வேண்டிய சரக்குக்கு இப்போதே பில் போட்டு, இந்த ஆண்டு விற்பனையாகக் காட்டச் சொல்கிறார் மேலதிகாரி. “இரண்டு வாரம் முன்பின், அவ்வளவுதானே.” இரண்டு பதிவுகளை ஏற்கெனவே போட்டுவிட்டார். மறுத்தால் வீட்டின் ஒரே வருமானமும் போய்விடும். ‘என் குடும்பத்தைக் காக்கத்தானே தேவன் இந்த வேலையைக் கொடுத்தார்? அதைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்வது பாவமா?’ என்று கேட்கிறார்.

கடிதத்தின் கடைசியில்: ‘காலையில் கண் விழிக்காமலே போனால் நன்றாயிருக்கும் என்று சில இரவுகளில் தோன்றுகிறது. என் விசுவாசம் செத்துவிட்டதா?’ அதற்கும் கீழே ஒரு பின்குறிப்பு: அடுத்த மாதம் சபையில் சாட்சி சொல்ல (தேவன் தனக்குச் செய்ததை எல்லார் முன்னும் சொல்ல) கேட்டிருக்கிறார்கள், என்ன சொல்வது?

(அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரி,

நாலு பக்கம் எழுதிவிட்டு, சொல்ல வந்ததைக் கடைசி வரியில் மடித்து வைத்திருக்கிறீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் பாதி இப்படித்தான் இருக்கும். அதனால் நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கண் விழிக்காமல் போனால் நல்லது என்று தோன்றுவதை இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கணவரிடம் முடியாவிட்டால் உடன்பிறந்தவர்களிடமோ நம்பிக்கையான தோழியிடமோ சொல்லலாம். ஜெபக்குழுவில் வேண்டாம், அங்கே அது ஜெபக்குறிப்பாகி நாலு வீடு சுற்றும். அந்த நினைப்பு ‘எப்படி’ என்ற யோசனையாக மாறினால், நள்ளிரவானாலும் காத்திருக்காதீர்கள். அவசர உதவி எண்ணை அழையுங்கள், அல்லது யாரையாவது கூட்டிக்கொண்டு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இதைச் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்று சூரைச்செடியின் கீழே படுத்தவர் எலியா. வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ணால் பார்த்த மனிதர் அவர். 1 இராஜாக்கள் 19-ஐ இன்றைக்கு மெதுவாக வாசித்துப் பாருங்கள். தூதன் வந்து அவரைக் கண்டிக்கவில்லை. வசனம் சொல்லவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாந்தரமும் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். “எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?” என்ற கேள்வி, இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கும் இரண்டு தூக்கத்துக்கும் 40 நாள் நடைக்கும் பிறகுதான் வந்தது. உங்களிடம் அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டுவிட்டார்கள்.

மாத்திரையும் வசனமும்

நான் மருத்துவர் இல்லை. ஆனாலும் இதை உறுதியாகச் சொல்ல முடியும்: மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரை நாளைக்கே பாருங்கள். மாத்திரையின் பெயர், எத்தனை மாதம் சாப்பிட்டீர்கள், எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கடைசியில் எழுதிய அந்த ஒரு வரியையும் அவரிடம் சொல்லுங்கள். தூக்க மாத்திரைகளில் சில வகைகளைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மை முன்னைவிட மோசமாகத் திரும்பும். பதற்றமும் நடுக்கமும் வரலாம், அரிதாக வலிப்புகூட வரலாம். அதற்காக நீங்களாகவே மறுபடி தொடங்கிவிடவும் வேண்டாம். ‘இந்தப் பத்து நாளாகத்தான் கர்த்தர் என்னை முழுக்கக் கைவிட்டது போலிருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இருட்டில் ஒரு பங்கு, மருந்தைச் சட்டென்று விட்டதால் வந்ததாக இருக்கலாம். அதைத் தேவனின் மௌனம் என்று முடிவுகட்டுவதற்கு முன் மருத்துவர் பார்க்கட்டும்.

அந்தச் சகோதரி சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. நீண்டநாள் தூக்கமின்மைக்கு மருத்துவ வழிகாட்டுதல்கள் முதலில் சொல்வது, படுக்கும் பழக்கத்தையும் தூக்கத்தைப் பற்றிய பயத்தையும் படிப்படியாக மாற்றுகிற பேச்சுச் சிகிச்சையைத்தான். மாத்திரையைக் கொஞ்ச காலத்துக்கே வைத்துக்கொள்வார்கள். ஆகவே மாத்திரையிலிருந்து ஒருநாள் வெளியே வரலாம், அதுவும் மருத்துவரின் கையைப் பிடித்துக்கொண்டு.

127-ஆம் சங்கீதம் உங்களைப் பற்றியதே அல்ல. விடியுமுன் எழுந்து இரவு வரை உழைத்தால் எல்லாம் தன் கையால் நிலைநிற்கும் என்று நினைக்கிறவனிடம் அது பேசுகிறது. அந்த எபிரெய வரியை ‘தமக்குப் பிரியமானவனுக்கு, அவன் தூங்கும்போதே கொடுக்கிறார்’ என்று வாசிக்கிற மொழிபெயர்ப்புகளும் உண்டு. தூங்காதவன் பிரியமில்லாதவன் என்று அந்த வசனத்தைத் திருப்பிப் போட்டால், 77-ஆம் சங்கீதத்தை எழுதிய ஆசாப்பை எங்கே வைப்பது? “நான் தூங்காதபடி என் கண்ணிமைகளைப் பிடித்திருக்கிறீர்” என்று அவர் தேவனிடமே முறையிடுகிறார். அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னதும், துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்ததும், லூக்காவைப் ‘பிரியமான வைத்தியன்’ என்று அழைத்ததும் வேதத்தில்தான் இருக்கின்றன. எசேக்கியா ராஜா மரிக்கக் கிடந்தபோது, குணமாக்குவேன் என்ற வாக்குத்தத்தம் கையில் இருந்தும், ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் கட்டச் சொன்னார்.

விசாரிப்பு என்கிற சொல்

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோது பென்சிலால் சில சொற்களைக் கோடிட்டேன். ‘சோதிக்கிறார்’, ‘கணக்குக் கேட்பார்’, ‘எங்கே தவறினேன்’, ‘விலகிவிடுவார்’. நீங்கள் வணங்குகிற தேவன் ஆண்டு முழுவதும் உங்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிற தணிக்கையாளர் மாதிரி இருக்கிறார். ரசீது காணாமல் போனால் தொலைந்தோம்!

1 பேதுரு 5:7 உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். “அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்.” விசாரணை என்றதும் இன்றைக்கு நம் காதில் காவல் நிலையம்தான் கேட்கிறது. ஆனால் அந்தச் சொல்லின் பழைய பொருள் இன்னும் நம் வீடுகளில் உயிரோடிருக்கிறது. காய்ச்சலில் கிடக்கும்போது ஒருவர் வந்து நலம் விசாரிக்கிறார். ‘சாப்பிட்டாயா, தூங்கினாயா’ என்று கேட்கிறார். பேதுரு சொல்கிற விசாரிப்பு இதுதான். எலியாவின் தலைமாட்டில் இருந்த அடை இந்த விசாரிப்பில் சேர்ந்தது. ஐந்து மாதத் தூக்கமின்மையில் இரண்டு விசாரணைகளும் உங்களுக்குள் குழம்பிப் போயிருக்கின்றன.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ‘கவலைப்படாதிருங்கள் என்பது கட்டளை, கவலைப்படும் ஒவ்வொரு நிமிடமும் நான் கீழ்ப்படியவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். பிலிப்பியர் 4:6-இல் “நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்” என்று வருகிற இடத்தில் பவுல் எழுதிய அதே கிரேக்க வினைச்சொல், அதே நிருபத்தின் 2:20-இல் தீமோத்தேயுவைப் புகழ்வதற்கு வருகிறது. உங்கள் காரியங்களை அவனைப்போல உண்மையாய் ‘விசாரிக்க’ வேறொருவரும் இல்லை என்று அங்கே நம் வேதாகமம் மொழிபெயர்த்திருக்கிறது. ஒரே சொல்தான், ஓரிடத்தில் கூடாதது, மற்றோரிடத்தில் மெச்சத்தக்கது. பவுலே எல்லாச் சபைகளையும் பற்றிய கவலை தன்னை நாள்தோறும் நெருக்குகிறது என்று 2 கொரிந்தியர் 11:28-இல் ஒளிக்காமல் எழுதுகிறார். ஆக, பிள்ளைகளின் கட்டணத் தேதி உங்கள் மனதில் ஓடுவது பாவமல்ல. அது விசாரிப்பு.

எங்கே அது வேறாகிறது? நான் இத்தனை வருடங்களில் பார்த்தவரை, இன்றைக்குச் செய்யக்கூடிய ஒரு காரியத்தில் போய் முடிகிற கவலை மனிதரை அவ்வளவாக உடைப்பதில்லை. ராத்திரி மூன்று மணிக்கு, அடுத்த வருடத்தின் அத்தனை கதவுகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிற கவலைதான் உடைக்கிறது. “அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்” என்றார் இயேசு. பாடே இல்லை என்று அவர் சொல்லவில்லை, கவனித்தீர்களா? படுக்கப் போவதற்கு வெகு முன்பே, மாலையில் பத்து நிமிடம் ஒதுக்கி, கவலைகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். நாளைக்குச் செய்யக்கூடியவை ஒரு பக்கம், உங்கள் கையில் இல்லாதவை எதிர்ப்பக்கம். இரண்டாம் பக்கத்தை வாசித்துக் காட்டுவதே அன்றைய ஜெபமாக இருக்கட்டும். அலங்கார வார்த்தை எதுவும் வேண்டாம். வார்த்தையே வராவிட்டால், வாக்குக்கடங்காத பெருமூச்சுகளைப் பற்றி ரோமர் 8:26 பேசுகிறது.

விசுவாசம் செத்துவிட்டதா என்ற கேள்விக்கு வருகிறேன். சபைக்கு வெளியே தமிழில் விசுவாசம் என்றால் என்ன? நன்றி மறவாமல், உடையவரை விட்டுப் போகாமல் இருப்பது. உள்ளத்தில் எவ்வளவு உறுதி பொங்குகிறது என்று யாரும் அங்கே அளந்து பார்ப்பதில்லை. கிரேக்கத்தில் ‘பிஸ்டிஸ்’ என்ற சொல்லுக்கும் நம்பிக்கை, உண்மையாயிருத்தல் என்று இரண்டு பொருளும் உண்டு. கலாத்தியர் 5:22-இல் ஆவியின் கனிகளில் ஒன்றாக வருகிற ‘விசுவாசம்’ இரண்டாவது பொருளை ஒட்டியது. நீங்கள் முதல் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு, அதையும் உணர்ச்சியாகச் சுருக்கி, தினமும் காலையில் நாடி பார்க்கிறீர்கள். ஐந்து மாதம் தூங்காதவரின் உணர்ச்சி எப்படி இருக்கும்? 14 மாதமாக ஒரு வீட்டைத் தாங்கிக்கொண்டு, கர்த்தர் கைவிட்டார் என்று தோன்றுகிற நாளிலும் அவரிடமே போய் ஏன் என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கண்ணீரோடு கத்திய தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை. அவனுடைய பிள்ளை அன்றைக்கே சுகமானான்.

அலுவலகத்துப் பதிவுகள்

இங்கே உங்களோடு கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. ‘இரண்டு வாரம் முன்பின்’ என்பது உங்கள் மேலதிகாரி உங்களுக்குத் தருகிற தூக்க மாத்திரை. அடுத்த ஆண்டு விற்பனையை இந்த ஆண்டில் காட்டினால் இந்த ஆண்டின் லாபம் ஊதிப் பெரிதாகும். அந்தக் கணக்கை நம்பி வங்கி கடன் கொடுக்கும், பங்குதாரர் பணம் போடுவார். அடுத்த ஆண்டு அந்த விற்பனை கணக்கில் இருக்காது. பள்ளத்தை மூட இன்னும் பெரிய தொகையை முன்னே இழுக்க வேண்டிவரும். கணக்குத் துறையில் இருக்கிற உங்களுக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்ததால்தான் தூக்கம் போயிற்று என்றும் எனக்கு ஒரு சந்தேகம்.

‘மேலதிகாரி சொன்னார், செய்தேன்’ என்பது எல்லா இடத்திலும் உங்களைக் காப்பாற்றாது. பொய் என்று தெரிந்தே பதிவு போட்டவருக்கும் பொறுப்பு வரலாம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே ராஜினாமா செய்வதற்கும் புகார் கொடுப்பதற்கும் முன்னால் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஏற்கெனவே போட்ட இரண்டு பதிவுகளையும் அவரிடம் அப்படியே சொல்லுங்கள். திருத்தப் பதிவு போட்டுச் சரிசெய்ய முடியுமா, யாரிடம் எந்த முறையில் தெரிவிப்பது என்று அவர் சொல்வார். முறைகேட்டைத் தெரிவிக்கிற ஊழியருக்குப் பாதுகாப்பு தருகிற சட்டம் பல நாடுகளில் உண்டு. உங்களுக்கு அது பொருந்துமா என்றும் கேளுங்கள். நிறுவனத்தின் ஆவணங்களை அவரைக் கேட்காமல் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், அது உங்கள்மேலேயே குற்றமாகத் திரும்பக்கூடும். யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார் என்று உங்கள் சொந்த நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மறுப்பது எப்படி என்று கேட்டால், நான் தானியேலின் முதல் அதிகாரத்தைக் காட்டுவேன். சிங்கக் கெபிதான் எல்லாருக்கும் நினைவிருக்கும். அதற்கு வெகு முன்னால், ராஜாவின் உணவை மறுக்கும் விஷயத்தில் அவர் எவ்வளவு பணிவாக நடந்துகொண்டார் என்று பாருங்கள். மனதில் முதலில் தீர்மானம் செய்துகொண்டார். பிறகு அதிகாரியிடம் வேண்டிக்கொண்டார். அவர் ராஜாவுக்குப் பயந்து தயங்கியபோது சண்டைக்கு நிற்கவில்லை. அடுத்த நிலையில் இருந்தவரிடம் போய், “பத்து நாள் சோதித்துப் பாரும்” என்று ஒரு மாற்று வழியை வைத்தார். உங்களால் சொல்லக்கூடியது ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: “சரக்கு போன தேதியில் பதிவு போடுகிறேன் சார். கையில் இருக்கிற ஆர்டர்களை வங்கிக்குக் காட்ட வேண்டுமானால், தனிப் பட்டியலாக இன்றைக்கே தயாரித்துத் தருகிறேன்.” மேலதிகாரியும் மேலே யாருக்கோ பயப்படுகிறவர்தான். வெளியே வர ஒரு வாசல் காட்டினால் சிலர் அதில் போய்விடுவார்கள்.

போகாமலும் இருக்கலாம். உண்மையாயிருந்தால் வேலை நிலைக்கும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. எபிரெயர் 11-இல் விசுவாசத்தினாலே பட்டயத்துக்குத் தப்பினவர்கள் 34-ஆம் வசனத்தில் வருகிறார்கள். விசுவாசத்தோடே பட்டயத்தால் வெட்டுண்டவர்கள் மூன்று வசனம் தள்ளி வருகிறார்கள். ஒரே பட்டியல், ஒரே சாட்சி. சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும், அக்கினிச் சூளையில் போடுவேன் என்ற ராஜாவிடம் “விடுவிக்காமற்போனாலும்” என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துத்தான் சொன்னார்கள். ஆகவே இன்றிலிருந்தே வேறு வேலை தேடத் தொடங்குங்கள். அது அவநம்பிக்கை ஆகாது. எருசலேமின் மதிலைக் கட்டிய நெகேமியாவின் ஆட்கள் ஜெபமும் பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள்.

தேவன் உங்கள் குடும்பத்தை விசாரிக்க இந்த வேலையைக் கொடுத்தார் என்றீர்கள். அப்படியே இருக்கட்டும். கள்ளத்தராசை அருவருக்கிறவர், அந்தத் தராசின் வழியாகத்தான் உங்கள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுவார் என்று ஏன் நினைக்க வேண்டும்?

கணவரைப் பற்றி

அவரை நான் பார்த்ததில்லை, ஒரு பக்கக் கதைதான் தெரியும். அதனால் அளவோடு பேசுகிறேன். ‘மேலானது வரும்’ என்பது அவருடைய விசுவாசமாகவும் இருக்கலாம், வெட்கத்தின் மேல் போட்ட போர்வையாகவும் இருக்கலாம், இரண்டும் கலந்ததாகவும் இருக்கலாம். பதவியோடு சேர்ந்து தன் பெயரையே இழந்தது போல உணர்கிற ஆண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்கு மனச்சோர்வு இருந்தது. வீட்டில் அதைச் சோம்பல் என்றோ பக்தி என்றோ நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு உணவாக மன்னா விழுந்தது, ஆனால் ஒருவருடைய பாத்திரத்துக்குள்ளும் தானாக விழவில்லை. விடியற்காலம்தோறும் வெளியே போய் அவரவர் பொறுக்கினார்கள். வெயில் ஏற ஏற அது உருகிப்போனது. பெரிய வேதபண்டிதர் கமாலியேலின் பாதத்தருகே படித்த பவுல் கொரிந்துவில் கூடாரம் தைத்தார். வேலை கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும்போது, இன்னும் உயரமானதைத் தரச்சொல்லிக் காத்திருப்பது, தேவாலயத்து உப்பரிகையில் நின்றுகொண்டு தூதர்கள் தாங்குவார்களா என்று பார்ப்பதற்குப் பக்கத்தில் போய்விடுகிறது. அங்கிருந்து குதிக்கச் சொல்லி இயேசுவுக்கு வசனம் காட்டியவன் பிசாசு என்று உங்களுக்குத் தெரியும்.

இவற்றை அப்படியே எடுத்துப் போய் அவர்மேல் வீசிவிடாதீர்கள். முக்கியமாக 1 தீமோத்தேயு 5:8-ஐ, தன் வீட்டாரை ‘விசாரியாமற்போனால்’ விசுவாசத்தை மறுதலித்தவன் என்கிற அந்த வசனத்தை, சண்டையில் எடுக்காதீர்கள். அது விதவைகளைப் பராமரிப்பதைப் பற்றிய பேச்சின் நடுவே வருகிறது. வீட்டாரை விசாரிப்பது சம்பளத்தால் மட்டும் நடப்பதும் இல்லை. வேலை கிடைக்கும்வரை பிள்ளைகளின் படிப்பையும் வீட்டு வேலையின் பெரும்பகுதியையும் அவர் எடுத்துக்கொள்ளலாம்.

பேசாமலும் இருக்காதீர்கள். மனைவி கேள்வி கேட்கக் கூடாது என்பதற்கு வேதத்தில் நீங்கள் நினைக்கிற அளவுக்கு ஆதாரம் இல்லை. நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்த கணவன் அனனியாவோடு ஒத்துப்போன சப்பீராளிடம் பேதுரு தனியாகக் கேட்டார், பதிலும் அவளுடைய சொந்தப் பதிலாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒரு மாலையில், மொத்தக் கடனையும் ஒரே தாளில் எழுதி இருவருக்கும் நடுவில் வையுங்கள். வேலையைப் பற்றித் தொடங்காதீர்கள். “எனக்குப் பயமாயிருக்கிறது, உங்களுக்கு எப்படியிருக்கிறது?” என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும், காத்திருங்கள். இன்ன தேதிக்குள் எந்த நேர்மையான வேலையானாலும் எடுப்பது என்று அந்தத் தாளின் அடியில் ஒரு நாளைக் குறிப்பது அடுத்த மாலைக்கு. தனியாக முடியாவிட்டால், இருவரும் மதிக்கிற ஒருவரை நடுவில் வைத்துப் பேசுங்கள்.

தசமபாகம்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். தசமபாகம் இன்றைய விசுவாசிக்குக் கட்டளையா என்பதில் சபைகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கொடுக்காவிட்டால் பாதுகாப்பு விலகும் என்ற பயத்தோடு கொடுப்பதற்குப் பெயர் காணிக்கை இல்லை, காப்பீட்டுத் தவணை. ‘விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல’ என்கிறது 2 கொரிந்தியர் 9:7. ஒருவனுக்கு உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும், இல்லாததின்படியல்ல என்கிறது அதற்கு முந்தின அதிகாரம். பெற்றோருக்குச் செய்யவேண்டியதை ‘கொர்பான்’ (காணிக்கை) என்று தேவனுக்கு எழுதிவைத்தவர்களை இயேசு பாராட்டவில்லை. கடனில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டிமேல் வட்டி ஏறும், இது உங்களுக்கே தெரியும். மனதார ஒரு சிறு தொகையை நிர்ணயித்துக்கொண்டு, மற்றதைக் கடனுக்குத் திருப்புங்கள். தவணை தவறுவதற்கு முன்பே கடன் கொடுத்தவர்களை அழைத்து, தவணையை மாற்றியமைக்க முடியுமா என்று கேளுங்கள்.

போதகரிடமும் நிலைமையைச் சொல்லுங்கள். உபாகமம் 14-இல் மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் லேவியனோடு பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் போனது. கொடுக்கிற கைகளில் உங்கள் கை இத்தனை வருடம் இருந்தது. இந்த வருடம் வாங்குகிற கைகளில் இருக்க உங்களுக்குக் கூச்சம். நாலு பேர் சுமந்துவந்த திமிர்வாதக்காரனின் கதையில், இயேசு ‘அவர்கள் விசுவாசத்தை’ப் பார்த்தார் என்றுதான் மாற்கு எழுதுகிறார். படுக்கையில் கிடந்தவன் அதுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பின்குறிப்புக்குப் பதில்

அடுத்த மாதம் நீங்கள் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. ‘இப்போது முடியாது’ என்று சொன்னால் போதும், காரணம் சொல்ல அவசியமில்லை. எப்போதாவது சொல்லத் தோன்றினால், கதை நன்றாக முடிந்த பிறகுதான் என்று காத்திருக்கவும் வேண்டாம். 88-ஆம் சங்கீதம் ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமல்தான் முடிகிறது, சபை அதையும் பாடியிருக்கிறது.

மருத்துவரைப் பார்த்த பிறகு எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். வழக்கறிஞர், கணவர், கடன் எல்லாம் அதற்கடுத்த வாரத்துக்குக் காத்திருக்கும். இன்றிரவு சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.